செர்ரி வீடு காலியாகத்தான் இருக்கிறது

நவம்பர் 3, திங்கள்

கடைசி விருந்தாளிகள் சனிக்கிழமை கிளம்பிவிட்டார்கள். இங்கே பிரான்ஸிலேயே லியோன் நகரத்துக்காரர்கள். போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருஷம் பூரா இங்கயே இருக்கீங்களே, நீங்க கொடுத்து வச்சவங்க" என்றாள். சிரித்து வைத்தேன். அவள் பார்த்தது அக்டோபர் வெயிலை. பிப்ரவரியில் வந்து சொல்லட்டும்.

இன்று அடுப்பு வீட்டையும் கொட்டகை வீட்டையும் மூடினோம். டெஸ்மண்ட் குழாயில் நின்ற தண்ணீரையெல்லாம் வடித்து, காற்றடித்து, கழிப்பறைக் கோப்பைகளில் உறையாமலிருக்க மருந்து ஊற்றினான். நான் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, மூலைக்கு மூலை எலிப்பொறி வைத்தேன். இடுப்பு கழன்று விழுகிறது.

செர்ரி வீட்டை மட்டும் மூடுவதில்லை. எங்கள் மூன்று வாடகை வீடுகளில் அதுதான் ராஜகுமாரி. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், தரைக்கடியில் சுடுநீர்க் குழாய், சுவருக்குள் குளிர் தடுக்கும் பஞ்சு. ஈரம் ஏறிவிடக் கூடாதாம். அதனால் குளிர்காலம் முழுக்க அதற்குச் சூடு ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஓர் ஈ காக்கை இருக்காது. புருஷனும் பெண்டாட்டியுமாக நாங்கள் இரண்டு பேரும் முற்றத்துக்கு இந்தப் பக்கம், வடக்குப் பார்த்த பண்ணை வீட்டில், ஒற்றை விறகடுப்பை வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்போம்.

இந்த வருஷமும் கேட்டேன். வெட்கம் கெட்டவள் நான்.

"இந்தக் குளிருக்காவது செர்ரிக்குப் போயிடலாமா?"

"திடீர்னு கிறிஸ்துமஸுக்கு யாராவது வந்தா?"

"இந்தக் க்ரேஸ் மாவட்டத்துக் காட்டுக்குள்ள கிறிஸ்துமஸுக்கு யாரு வருவா, டெஸ்?"

"வந்தா?"

இந்த "வந்தா?"வுக்குப் பதில் சொல்ல உலகத்தில் எவராலும் முடியாது.

நவம்பர் 9, ஞாயிறு

மூடுபனி. காலையிலிருந்து வேட்டைக்காரர்களின் கொம்பு ஊதும் சத்தமும் நாய்க் குரைப்பும்தான். ஆள் தெரியவில்லை. இந்தப் பனியில் பன்றியைச் சுடுகிறார்களா, ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்களா, யார் கண்டது.

படுக்கையறைச் சுவரில் மறுபடி கறுப்புப் பூஞ்சணம். கட்டில் தலைமாட்டிலிருந்து ஆரம்பித்து ஜன்னல் வரை போயிருக்கிறது. அலமாரியிலிருந்து என் நல்ல கோட்டை எடுத்தேன், காலர் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம். அம்மாவின் அடக்கத்துக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு. பிளீச் போட்டுச் சுவரைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இருமல்.

டெஸ்மண்ட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஜன்னலைத் திறந்து வை. காத்தோட்டம் இல்லாததுதான் பிரச்சினை" என்றான்.

வெளியே இருக்கிற ஈரம்தானே உள்ளே வந்து சுவரில் உட்கார்ந்திருக்கிறது! அதையே இன்னும் கொஞ்சம் கூப்பிட வேண்டுமாம்.

நவம்பர் 12, புதன்

இருமல். மழை. இருமல்.

நவம்பர் 21, வெள்ளி

இன்று ஒரு திருட்டுத்தனம் செய்தேன். சொந்த வீட்டில் திருட்டு.

செர்ரி வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வாரம் ஒருமுறை போவது என் வேலை. கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதியதே அந்தக் கதகதப்பு, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோட்டைக் கழற்றினேன். பிறகு ஸ்வெட்டரை. பிறகு அடுத்த ஸ்வெட்டரை. காலணியையும் கழற்றிவிட்டுச் சூடான தரையில் வெறுங்காலோடு நின்றேன். கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று சோபாவில் உட்கார்ந்தவள், அப்படியே தூங்கிப்போனேன். இருமவேயில்லை.

டெஸ்மண்ட் தேடிக்கொண்டு வந்தான். முதலில் பயந்துவிட்டான், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று. அது ஒரு நொடி. அடுத்த நொடி அவன் கண் தலையணைக்குப் போயிற்று.

"தலையணை எல்லாம் நசுங்கிப் போச்சு பாரு."

நான் எழுந்து சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் தலையணைகளைத் தட்டித் தட்டி உப்ப வைத்து, நடுவில் கை விளிம்பால் ஒரு வெட்டு வெட்டி, முன்போல வரிசையாக நிறுத்தினான். நல்ல மனுஷன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், நாளெல்லாம் மாடாய் உழைப்பான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் அந்தத் தலையணையை வைத்தே அவனை அடிக்கத் தோன்றியது.

நவம்பர் 27, வியாழன்

ஒதில் வந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரி. காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவாள், நடுவில் மாடு பார்ப்பாள். வாய் மட்டும் ஓயாது. சமையலறையில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றாமலே காப்பி குடித்தாள்.

"ஏம்மா, குளிர் வந்தா நாங்க மாட்டையே உள்ள கொண்டுவந்து கட்டிடுவோம். உன் புருஷன் என்னடான்னா உன்னை வெளிய கட்டி வச்சிருக்கான்."

"இது வீடுதானே ஒதில்."

"இதுவா? இதுல என் மாடு கன்னு போடாது."

டெஸ்மண்ட் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான். ஒதில் விடவில்லை. "என்னய்யா, அந்தப் பக்கம் காலி வீட்டுக்குச் சூடு போட்டு யாரைக் கொஞ்சிக்கிட்டு இருக்க? பேய்க்கா?"

"அது தொழில், ஒதில்" என்றான் சிரித்துக்கொண்டே. "விருந்தாளிங்களுக்கு எப்பவும் தயாரா இருக்கணும்."

"விருந்தாளி வர்றதுக்குள்ள இவ போய்ச் சேர்ந்துடுவா போலிருக்கே. அப்புறம் யாரு படுக்கை விரிப்பா?"

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

டாக்டரம்மா நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், படம் எடுக்கச் சொன்னார். "எந்த மாதிரி வீட்டுல இருக்கீங்க?" என்றார். விடுமுறை வீடுகள் நடத்துகிறோம் என்றேன். "அப்ப நல்ல வசதியா இருப்பீங்களே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இது அடக்கத்தான் செய்யும். உலர்ந்த அறையில படுங்க. ஈரத்துல படுத்தா ஒவ்வொரு வருஷமும் இது நுரையீரல்ல கீழ கீழ இறங்கும்" என்றார்.

அப்படியே வந்து டெஸ்மண்டிடம் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல். முகம் வாடிவிட்டது அவனுக்கு. எழுந்து வந்து தோளில் கை வைத்தான். "உடனே ஏதாவது பண்ணணும்" என்றான்.

பண்ணுவான். இந்தத் தடவை பண்ணுவான் என்றுதான் தோன்றுகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று வாங்கிவந்தான். பெரியது, சக்கரம் வைத்தது. நான் அலமாரியையெல்லாம் நகர்த்தி, படுக்கையறையில் அதற்கு இடம் பண்ணிக் காத்திருந்தேன்.

காணவில்லை. போய்ப் பார்த்தால் செர்ரி வீட்டுக் குளியலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அங்க மூலையில ஒரு பொட்டு மாதிரி தெரிஞ்சுது ஜோஸ். ரெண்டு நாள் ஓடட்டும். அப்புறம் உனக்குத்தான்."

ஒரு பொட்டு! என் சுவரில் காடே முளைத்திருக்கிறது, அவனுக்கு அங்கே ஒரு பொட்டு தெரிந்ததாம். பாவி மனுஷா. பாவி, பாவி. நான் என்ன சொல்லி என்ன.

டிசம்பர் 17, புதன்

இயந்திரம் இன்னும் அங்கேதான்.

டிசம்பர் 20, சனி

நைஜல் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நைஜல் எங்களைப் போலவே இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவன், டெஸ்மண்டின் கூட்டாளி, அடுத்த கிராமம். கூரைக்காரன் பாதி ஓடுகளை இறக்கிவிட்டு, பண்டிகை முடிந்து வருகிறேன் என்று போய்விட்டானாம். நேற்றைய காற்றில் மேலே போட்டிருந்த தார்ப்பாயும் பறந்துவிட்டது.

காலையில் டெஸ்மண்ட் ரொட்டி வாங்கப் போன இடத்தில் அவனைப் பார்த்திருக்கிறான். ரொட்டிக்கடை வாசலிலேயே முடிந்துவிட்டது விஷயம்.

"பாவம், நைஜல் எங்க போவான்? செர்ரிக்கு வரச் சொல்லிட்டேன்" என்றான், ரொட்டியை மேஜையில் வைத்துக்கொண்டே.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "எவ்வளவு நாளைக்கு?"

"கூரை முடியுற வரைக்கும்."

"கிறிஸ்துமஸுக்கு யாராவது வந்தா?"

"யாரு வரப் போறா ஜோஸ்?"

பதினொரு குளிர்காலம் நான் கேட்டேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன், இருமிக் காட்டினேன். நைஜல் கேட்கக்கூட இல்லை. ரொட்டிக்கடை வாசலில் நின்றான், கிடைத்துவிட்டது.

இதில் என் மானம் போகிற இடம் என்ன தெரியுமா? சாயங்காலம் நான்தான் போய் அவனுக்குப் படுக்கை விரித்தேன். நல்ல விரிப்பு, இஸ்திரி போட்டது. ஒரு புட்டி ஆப்பிள் மது, ஒரு கேக், குளியல் துண்டு இரண்டை மடித்து மேலே லாவெண்டர் கொத்து. கை அதுபாட்டுக்குச் செய்தது.

டிசம்பர் 25, வியாழன்

நைஜல் சாப்பிட வந்தான், பண்ணை வீட்டுக்கு. உள்ளே சட்டை, மேலே கோட்டு, பூத்துக் குலுங்குகிற முகம். வாத்துக் கறியைத் தட்டில் வாங்கிக்கொண்டவன் இரண்டு வாய் சாப்பிட்டதும் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தான்.

"எப்படித்தான் இங்க இருக்கீங்களோ! அங்க எனக்கு ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சாத்தான் தூக்கமே வருது. அவ்வளவு சூடு."

டெஸ்மண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பஞ்சு நான் வச்சது. என் கையாலயே" என்றான். சுவரின் கனம், பஞ்சின் ரகம், கண்ணாடியின் ரகம் என்று அரைமணி நேரம் பேசினான். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறானாம்.

டிசம்பர் 28, ஞாயிறு

பேசிவிட்டேன். கத்திவிட்டேன் என்பதுதான் சரி.

"அவனுக்குக் கொடுக்க மனசு வருது. எனக்குக் கொடுக்க வரலையா?"

"அவனுக்கு வேற வழி இல்ல, ஜோஸ்."

"எனக்கு இருக்கா?"

"உனக்கு வீடு இருக்கே."

"இதுவா வீடு?"

"எதுக்கு எல்லாத்தையும் பெருசாக்குற? நீ வேற நான் வேறயா? நமக்குள்ள என்ன இருக்கு, நாம எப்படியும் சமாளிச்சுக்குவோம். வர்றவங்ககிட்ட அப்படிச் சொல்ல முடியுமா?"

அவன் மனதார அப்படித்தான் நினைக்கிறான். அதுதான் தாங்கவில்லை. அவனுடையவளாக இருந்தால் கிடைப்பது இவ்வளவுதான்: எனக்கென்று அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இத்தனை வருஷம் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என்ன புத்தி எனக்கு?

ஜனவரி 6, செவ்வாய்

கடும் உறைபனி. பண்ணை வீட்டுக் குழாய் உறைந்துவிட்டது. சமையலறை, குளியலறை இரண்டும். ஆளில்லாத வீட்டுக் குழாய்க்கெல்லாம் காற்றடித்து, துணி சுற்றி, மருந்து ஊற்றினானே, நாங்கள் குளிக்கிற குழாய்க்கு ஒரு கந்தல்கூடச் சுற்றவில்லை. "மறந்தே போச்சு" என்கிறான். மறக்கத்தானே செய்யும்.

குளிக்க வேண்டுமே. துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போய், செர்ரி வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் பெயின்ட் அடித்த கதவு. நைஜல் தலையை மட்டும் நீட்டினான்.

"அதுக்கென்ன, தாராளமா! ஒரு பத்து நிமிஷம் குடு, இப்பத்தான் நான் தொட்டியில இறங்கினேன்."

கதவைச் சாத்திக்கொண்டான், சூடு வெளியே போய்விடக் கூடாதென்று. நான் துண்டோடு உறைபனியில் நின்றேன். ஒதில் வேன் அந்தப் பக்கமாகப் போயிற்று. வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தாள். கை காட்டவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. அவளுக்கே பேச்சு வராத அளவுக்கு ஆகிவிட்டது என் நிலைமை.

ஜனவரி 18, ஞாயிறு

நைஜல் போய்விட்டான். கூரை முடிந்ததாம். போகிறபோது என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "ஹோட்டல் தோத்துப் போச்சு போ" என்றான்.

டெஸ்மண்ட் என்னிடம், "படுக்கையெல்லாம் எடுத்துட்டு மறுபடி தயார் பண்ணி வச்சிடு" என்றான்.

சரி என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

தயார் பண்ணி, நானே படுத்துக்கொண்டேன். வெளியே வரப்போவதில்லை.

ஜனவரி 21, புதன்

முதல் நாள் அவன் வேடிக்கை என்று நினைத்தான். இரண்டாம் நாள் கதவருகே வந்து, "சாப்பாடு?" என்றான். இங்கே வா, போடுகிறேன் என்றேன். "செருப்பெல்லாம் சேறு" என்றான். கழற்று என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

இன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"குளிர் போற வரைக்கும். நீயும் வா டெஸ். ரெண்டு படுக்கையறை இருக்கு, ஒண்ணுல பேய் தூங்கட்டும்."

சிரிப்பான் என்று பார்த்தேன். "சோபாவுல உக்காந்தா ஒரு துண்டாவது விரிச்சு உக்காரு" என்றுவிட்டுப் போனான்.

ஜனவரி 30, வெள்ளி

நான்கு நாளாக இருமல் இல்லை. ராத்திரி எழுந்திருக்கவே இல்லை. உடம்பு இப்படியெல்லாம் இருக்க முடியும் என்பதே மறந்து போயிருந்தது.

ஜன்னலிலிருந்து பார்த்தால் பண்ணை வீட்டுப் புகைபோக்கி தெரிகிறது. பிடிவாதக்காரன். அங்கேயே கிடக்கிறான். டப்பா சூப்பைச் சூடு பண்ணிக் குடிக்கிறான். எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, நன்றாக வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

பிப்ரவரி 14, சனி

வந்தான்.

மாலையில் கதவைத் தட்டினான். சொந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான் பார். கையில் ஒரு கட்டு லீக்ஸ் கீரைத்தண்டு. பூவெல்லாம் அவனுக்கு வராது. செருப்பை வெளியே கழற்றி, ஒன்றோடொன்று ஒட்டி வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்தான். தரையில் கால் வைத்ததும் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். இந்தத் தரையைப் போட்டவன் அவன்தான். ஒருநாளும் செருப்பைக் கழற்றிவிட்டு இதில் நின்றதில்லை.

உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டு சூப் வைத்தேன். இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டான். அறுபத்தெட்டு வயது. முழங்கால் மூட்டு இரண்டும் வீங்கியிருக்கிறது, சொல்லவே இல்லை. விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் கம்பளியை எடுத்துப் போர்த்தினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தேன், அவன் போகவில்லை. காப்பி போட்டு வைத்திருந்தான். கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ, பழைய நாள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிட்டேன்.

"டெஸ், இந்த வருஷத்திலேருந்து செர்ரியை வாடகைக்கு விட வேண்டாம். மத்த ரெண்டு வீடும் போதும். இது நம்ம வீடா இருக்கட்டும்."

கோப்பையை மேஜையில் சுழற்றினான். பிறகு, "சரி" என்றான்.

"நிஜமா?"

"சரின்னு சொல்லிட்டேன்ல."

என் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன். அவன் சட்டைகளையும் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டினேன். நல்ல கோட்டைத் துவைத்து, தரைச்சூட்டில் காயவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சந்தோஷமாக இருக்கிறேன். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 12, வியாழன்

ஒதில் வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். படுக்கையறையில் டப் டப் என்று சத்தம். டெஸ்மண்ட் தரையில் உட்கார்ந்து, சுத்தியலை வைத்துக்கொண்டு, குழந்தைக் கட்டில் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்குக் குழந்தை?

"டைக்ஸ்ட்ரா வீட்டுல புதுசா ஒண்ணு பொறந்திருக்காம்" என்றான், நிமிர்ந்து பார்க்காமல். "மூணாவது. ஈஸ்டருக்கு வர்றாங்க."

ராட்டர்டாமிலிருந்து வருடாவருடம் வருகிற குடும்பம். நல்லவர்கள்தான். எனக்குச் சீஸ் கொண்டுவருவார்கள்.

"எந்த வீட்டுக்கு?"

"அவங்க எப்பவும் இங்கதானே ஜோஸ் இருப்பாங்க. கைக்குழந்தையை வேற கூட்டிட்டு வர்றாங்க, கொட்டகை வீட்டுல எப்படிப் போடுறது? அங்க குளிரும்."

குளிருமாம்.

என் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அந்தச் சின்னக் கட்டிலை நகர்த்தி நகர்த்தி, எங்கே வைத்தால் குழந்தைக்குக் காற்று அடிக்காது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பதவிசாக.

மார்ச் 14, சனி

இன்று கேட்டேன். கத்தவில்லை.

"நீ எனக்கு வாக்குக் கொடுத்தே."

"ஒரே ஒரு வாரம், ஜோஸ். அவங்க போனதும் நீ மறுபடி வந்துக்க."

"அதுக்கப்புறம் மே மாசம் ஒருத்தர் கேப்பாங்க."

"அது அப்பப் பார்த்துக்கலாம்."

"வேண்டாம்னு அவங்களுக்குச் சொல்லு. இந்த ஒரு தடவை, எனக்காக."

"ஏழு வருஷமா வர்றாங்கப்பா. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"நான் பதினொரு வருஷமா இங்க இருக்கேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை! புரியவே இல்லை அவனுக்கு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நிஜமாகவே யோசித்தான். பிறகு, "கொஞ்ச நாள்தானே, நீ ஏன் இப்படி..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, கட்டிலுக்குப் போட ஒரு சின்ன மெத்தை இருந்ததே, எங்கே என்று கேட்டான். மேல் தட்டில் என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஒதிலின் நாத்தனாருக்கு கெரே ஊரில் ஓர் அறை காலியாக இருக்கிறது. மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடி. வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன அறை. ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒரு ரேடியேட்டர். தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

"எடுத்துக்கிறேன்" என்றேன். என் ஓய்வூதியம் அதற்குப் போதும்.

எங்கள் முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "அவன்கிட்ட சொல்லப் போறியா?" என்றாள்.

"சொல்றதுக்கு இனிமே என்ன இருக்கு, ஒதில்? எல்லாத்தையும் சொல்லியாச்சு."

"கேக்கணுமே அந்த ஆளு."

ஏப்ரல் 1, புதன்

அடுப்பு வீட்டையும் கொட்டகை வீட்டையும் திறந்தோம். ஏழு எலி. மெத்தைகளை இறக்கினோம். வெயில் வந்துவிட்டது, செர்ரி மரம் பூக்கத் தொடங்கிவிட்டது. டெஸ்மண்ட் விசில் அடித்துக்கொண்டே புல் வெட்டினான். குளிர் போய்விட்டது, இனி எனக்கு என்ன குறை என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

டைக்ஸ்ட்ரா குடும்பம் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இப்போது வந்து, "அவங்களை வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று அவன் சொன்னால் போகமாட்டேன். எழுதி வைக்கிறேன். போகவே மாட்டேன்.

ஏப்ரல் 4, சனி. கெரே

அவன் சொல்லவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், வருகிறவர்கள் நாலு மணிக்கு வருவார்கள். எல்லாருக்கும் அதுதான் வழக்கம். விடிந்ததும் எழுந்து படுக்கை விரிப்பைக் கழற்றி மூட்டை கட்டினேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். அலமாரியைத் துடைத்தேன். குப்பையைக் கட்டி வெளியே வைத்தேன். தரையை மூலைமுடுக்கு விடாமல் துடைத்தேன். என் பொருள் எல்லாம் இரண்டு பெட்டியில் அடங்கிவிட்டது. அவன் சட்டைகளைப் பண்ணை வீட்டில் மாட்டிவிட்டு வந்தேன். சாவியை மேஜை மேல் வைத்தேன்.

பத்து மணிக்கு டெஸ்மண்ட் வந்தான், எப்போதும் வருகிற மாதிரி. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான், குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தான். யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போவார்களே. ஒன்றும் இல்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அசத்திட்டே ஜோஸ்! இங்க ஆள் இருந்த மாதிரியே தெரியல."

பாராட்டத்தான் சொன்னான்.

ஒதிலின் வண்டி வெளியே நின்றது. பெட்டிகள் ஏற்கனவே உள்ளே. "கடைக்கா?" என்றான். "ரொட்டி ரெண்டு சேர்த்து வாங்கிட்டு வா, டைக்ஸ்ட்ரா பசங்க வந்ததும் கேக்கும்." நான் ஏறி உட்கார்ந்தேன். ஒதில் அவன் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்தாள்.

மூன்றரைக்கு முதல் அழைப்பு. குழந்தைக் கட்டிலின் விரிப்பு எங்கே என்று கேட்டான். இரண்டாவது தட்டு, இடது பக்கம் என்றேன். ஐந்து மணிக்கு இன்னொன்று. அவர்கள் வந்துவிட்டார்களாம், குழந்தை கொழுகொழு என்று இருக்கிறதாம், ரொட்டி எங்கே என்றான். வரவில்லை என்றேன். யார் வரவில்லை என்றான். நான் என்றேன். பின்னால் குழந்தைகளின் சத்தம். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

இப்போது ஏழு மணி. மறுபடி கூப்பிட்டான். பண்ணை வீட்டில் என் அலமாரியைத் திறந்து பார்த்திருப்பான் போலிருக்கிறது. எங்கே இருக்கிறாய் என்றான். சொன்னேன். தெருப் பெயர், மருந்துக்கடை, மூன்றாம் மாடி. வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"அங்க குளிருதா ஜோஸ்?" என்றான்.

பதினொரு வருஷத்தில் இதை அவன் என்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை. இல்லை என்றேன்.